ஜாடி 2217

சாந்தோம் பக்கத்து அலுவலகத்தில்
எனக்கு மேசை கிடையாது, ஒப்பந்த வேலை.
ஜாடி அலமாரிக்கு எதிரே
ஒரு ஸ்டூல், ஒரு கணினி.
சாராயத்தில் ஊறிய லேபிளைப் படித்துப் படித்துக்
கட்டங்களை நிரப்ப வேண்டும்.
பெயர். இடம். பிடித்தவர்.
கடைசியாகப் பார்த்த நாள்.

2217-ல் விரல் நீளத்துக்கு ஒரு மீன்.
பெரும்பாக்கம் வாய்க்கால், சிறுபாலத்துக்கு வடக்கே,
நவம்பர் எண்பத்தேழு.
கண் வெளுத்திருந்தது,
குழம்பில் வெந்த கண்ணைப் போல.

இருக்கிறது, இல்லை
இரண்டில் ஒன்றை அமுக்கினால்தான்
அடுத்த வரிக்கு விடும் கணினி.
எதை அமுக்க என்று கேட்கத்தான் போனேன்.
டீ ஆறி ஏடு படியும்வரை
சண்டை போட்டார்கள்.

"நாளைக்கு நூற்றைம்பது இனம் போகிறது என்கிறீர்கள்,
எங்கே பிணம்?" என்றார் வரதராஜுலு சார்.
"ஐந்நூறு வருஷத்துப் பேரேட்டில்
பெயர் சொல்லி எழுதியது
ஆயிரத்தைத் தொடவில்லை."

"பேரே வைக்காததை
எந்தப் பேரேட்டில் எழுதுவீர்கள்?"
ஹெப்சிபா மேடம் காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கத்தில் ஒரு வளைகோடு போட்டார்.
"சதுப்பு இவ்வளவு இருந்தது. இப்போது இவ்வளவு.
தண்ணீர் போன இடத்தில்
தண்ணீரில் இருந்தது மட்டும் உட்கார்ந்திருக்குமா?"

சார் தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.
"உடன்குடிக்காரர் ஒருவரைச் சந்திக்க
தாம்பரம் ரயிலில் ஒரு பெட்டி போதும்.
சென்னையில் இனி
ஒரு உடன்குடிக்காரர்கூட இல்லை என்று சொல்ல
எத்தனை கதவு தட்டணும்?
முதல் ஆளைக் காண்பதற்கும்
கடைசி ஆளை இழப்பதற்கும்
ஒரே கோடா, மேடம்?"

"தண்டல் வாங்கியவன் வாசலில்
இன்றைக்கு ஆள் வந்து நிற்கவில்லை.
அதனால் கடன் இல்லை என்று ஆகுமா?
ஒன்றோ இரண்டோ நீந்திக்கொண்டிருக்கலாம், சார்,
ஜோடி இல்லாமல்.
அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?"

சார் மிக்சரில் கடலையாகப் பார்த்துப் பொறுக்கினார்.
வெகு நேரம் கழித்து,
"கொஞ்சமாகத்தான் சாகிறது என்று நான் சொல்லவில்லை.
தெரியாததற்கு எண் சொன்னால்
நாளைக்குத் தெரிந்ததையும் நம்பமாட்டான்."

மேடம் தலையசைத்தது போலிருந்தது.
ஃபேன் காற்றில் முடி அசைந்ததாகவும் இருக்கலாம்.

2217 திறந்தே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை
சோழிங்கநல்லூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து,
லேபிளில் எழுதிய இடத்துக்குப் போனேன்.
பையில் ஒரு டீ வடிகட்டி,
மூடி போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில்.
சிறுபாலம் இருந்தது.
அதற்கு வடக்கே பத்தொன்பது மாடி.

சுற்றுச்சுவருக்கு உள்ளே ஜெனரேட்டருக்குப் பின்னால்
வாய்க்காலில் மிச்சம் ஒரு கட்டில் அளவு.
முழங்கால்வரை இறங்கினேன்.
வந்தது திலேப்பியா, திலேப்பியா,
ஒரு ஷாம்பு உறை,
மறுபடி திலேப்பியா.
ஒருமுறை ஏதோ மெலிதாக விரலிடுக்கில் ஓடியது.
அதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

"என்ன மேடம் தொலைச்சீங்க?"
மேலே நின்று கேட்டார் காவலாளி பரமானந்தம்.
"தொலைஞ்சிருச்சான்னுதான் பாக்கறேன்."
அவர் சிரிக்கவில்லை.
கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு
கேட்டில் இருந்த நோட்டைக் காட்டினார்,
வரும்போது நான் கையெழுத்துப் போடவில்லையாம்.

பெயர். கைபேசி எண். யாரைப் பார்க்க.
உள்ளே வந்த நேரம்.
வெளியேறிய நேரம்.

கடைசிப் பத்தி மேலிருந்து கீழ்வரை காலி.
முந்தின பக்கமும் காலி.
அதற்கு முந்தினதும்.

"இதை யாரும் எழுதறதில்லையா?"

"வர்றவங்களை நிறுத்தி எழுத வைப்போம், மேடம்.
போறவங்க அப்படியே போயிடுவாங்க.
யாருக்குத் தெரியும், எப்பன்னு."

பேனாவில் நூல் கட்டியிருந்தார்கள்.
பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு
மணி என்ன என்று அவரிடம் கேட்டேன்.